சிஸ்டர் ஏன் சொல்லவில்லை?

இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு வகை உண்டு. சிவப்பு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கு, ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பிக்கு. நம் ஊரில் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. பல வார்டுகளில் இரண்டும் ஒரே டிராயரில் கிடக்கும். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த பேனா இன்சுலினுக்கு ஊசி தீர்ந்துபோயிருக்கிறது. இரவு எட்டு மணி, சாப்பாடு வந்துவிட்டது, சர்க்கரை 280. டாக்டர் எழுதியிருப்பது 10 யூனிட். செவிலியர் கைக்கு வந்த சிரிஞ்சை எடுத்து, பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து 10-ஆம் கோடுவரை உறிஞ்சிப் போட்டுவிடுகிறார். கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். கையில் இருந்ததோ சிவப்பு மூடி, அதில் 10-ஆம் கோடு என்றால் கால் மில்லி. உள்ளே போனது 10 இல்லை, 25.

ஊசியை வெட்டப் போகும்போதுதான் மூடியின் நிறம் கண்ணில் படுகிறது. இனி அவருக்கு இரண்டு வழி. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொல்வது ஒன்று. இன்னொன்று, நோயாளியின் மனைவியிடம் "இன்னும் ரெண்டு இட்லி சாப்பிடச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மணிக்கொரு தரம் தானே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, அந்த எண்களைக் கேஸ் ஷீட்டில் ஏற்றாமல் விடியும்வரை உட்கார்ந்திருப்பது. இரண்டாவது வழியில் போனவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிடுவது சுலபம். வார்டு வேலை தெரிந்தவர்கள் முதலில் வேறொன்றைக் கேட்பார்கள்: அந்த வார்டில் கடைசியாக ஒருவர் வந்து "தப்பாயிடுச்சு சிஸ்டர்" என்று சொன்னபோது என்ன ஆனது?

மெமோ வந்ததா? ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்களா? சம்பளத்தில் பிடித்தார்களா? அப்படி ஒரே ஒரு முறை நடந்திருந்தால் போதும். அந்த வார்டின் பதினெட்டு பேரும் பாடம் படித்துவிட்டார்கள். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே, டீ குடிக்கும் இடத்தில் வைத்து, அந்தப் பாடம் சொல்லிக் கொடுக்கப்படும். இன்டக்‌ஷன் வகுப்பில் தரப் பிரிவு போட்டுக் காட்டிய ஸ்லைடெல்லாம் அதற்கு முன் நிற்காது.

நிர்வாகம் தருகிற ஆதரவு செவிலியரின் மனப்பான்மையை மாற்றுகிறது என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எப்படி மாற்றுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஐசன்பர்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார்கள். நிறுவனம் தன் உழைப்பை மதிக்கிறதா, தன் நலனில் அக்கறை கொள்கிறதா என்று ஊழியர் மனசுக்குள் ஒரு பொதுவான முடிவுக்கு வருகிறார். அந்த முடிவைப் பொறுத்தே அவர் திருப்பித் தருவதும் இருக்கிறது என்பது அவர்கள் கருத்து. பிறகு வந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சட்டமோ சங்கமோ கட்டாயப்படுத்தி வாங்கிக் கொடுத்ததை ஊழியர்கள் இந்தக் கணக்கில் அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. நிர்வாகம் தானாக முன்வந்து செய்ததைத்தான் எடை போடுகிறார்கள். பேறுகால விடுப்பு 26 வாரம் கொடுத்தோமே என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரி பெருமை பேசினால் யாரும் அசைவதில்லை, அது 2017-இலிருந்து சட்டம். அதே ஆஸ்பத்திரி, திரும்பி வந்தவருக்கு முதல் மூன்று மாதம் நைட் போடாமல் இருந்தால், அதைப் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

தவறுகளைப் பற்றி இன்னொரு ஆய்வு, இதை வாசிக்கிற எந்த மேட்ரனும் (செவிலியர்களின் தலைவர்) தெரிந்துகொள்ள வேண்டியது. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை எண்ணிப் பார்த்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். கணக்கு தலைகீழாக வந்தது: தலைமை நன்றாக இருந்த பிரிவுகளில் பதிவான தவறுகள் அதிகம். அங்கே வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மூடினார்கள். 1996-இல் வெளியானது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகிறது, இன்னமும் "எங்கள் வார்டில் இந்தக் காலாண்டில் ஒரு இன்சிடென்ட்கூட இல்லை" என்று தர ஆய்வுக் கூட்டத்தில் கைதட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முப்பது படுக்கை, தினம் நானூறு ஐந்நூறு டோஸ் மருந்து போகிற வார்டில் மூன்று மாதம் பூஜ்யம் என்றால் அங்கே யாரும் எழுதவில்லை என்று பொருள்.

சரி, அந்த 25 யூனிட்டுக்கு வருவோம். சொல்லப்பட்ட உடனே நடக்க வேண்டியவற்றுக்கு வரிசை உண்டு. முதலில் நோயாளி. சர்க்கரையை உடனே பார்த்து, பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ஐவி லைன் ஓடுகிறதா என்று உறுதி செய்து, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி பாட்டிலைப் படுக்கை அருகே கொண்டுவந்து வைக்க வேண்டும். நினைவாக இருந்தால் வாய் வழியாகச் சாப்பாடு. 70-க்குக் கீழே இறங்கினால் டாக்டர் சொன்னபடி டெக்ஸ்ட்ரோஸ். எண்கள் நிலைத்த பிறகு மணிக்கொரு முறை, குறைந்தது ஆறு மணி நேரம். நடந்தது, நேரம், யாருக்குச் சொன்னது எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். "தவறுதலாக" என்று ஜோடிக்க வேண்டாம், "10 யூனிட்டுக்குப் பதில் 25 யூனிட் செலுத்தப்பட்டது" என்பது போதும். குடும்பத்துக்குச் சொல்வது டாக்டரும், வார்டுப் பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜ் சிஸ்டரும் சேர்ந்து. அந்தச் செவிலியரைத் தனியாக அனுப்பக் கூடாது.

இதற்கிடையில் இன்சார்ஜ் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் எது என்பதுதான் ஆதரவு. "கவனிச்சுப் பண்ண மாட்டியா?" என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. "இப்ப சுகர் எவ்வளவு?" என்று கேட்டால் தொடரும். அந்தச் செவிலியரின் மற்ற நோயாளிகளை அடுத்த ஒரு மணி நேரம் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். கை நடுங்குகிறவரிடம் மீதி மருந்துத் தட்டைக் கொடுத்தால் இரண்டாவது தவறு அன்றைக்கே வரும்.

விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அதே இடத்தில், அதே நேரத்தில், அதே அனுபவமுள்ள வேறொரு செவிலியர் நின்றிருந்தால் இதே தவறு நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் மெமோ வேஸ்ட் பேப்பர். குற்றவாளி அந்த டிராயர்தான். வார்டில் ஒரே வகைக் குப்பி, ஒரே வகைச் சிரிஞ்ச் என்று மருந்தகம் முடிவு எடுக்க வேண்டும். பேனா கொண்டுவந்த நோயாளிக்குப் பேனா ஊசியை வார்டு ஸ்டாக்கிலேயே வைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் எடுப்பதைத் தடை செய்ய வேண்டும். இன்சுலினுக்கு இன்னொரு செவிலியர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் இதே சங்கதி. 10 மில்லியில் 20 மில்லிஈக்விவலன்ட், நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும், பார்வைக்கோ பக்கத்தில் இருக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் மாதிரியே இருக்கும். அதைப் பொது வார்டின் மருந்து டிரேயிலிருந்து எடுத்துப் பூட்டில் வைப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் "கவனம் தேவை" என்று சுவரில் ஒட்டுவதைத்தான் பல இடங்களில் பார்க்கலாம். வேண்டுமென்றே ஆபத்தைப் பொருட்படுத்தாமல் செய்தவர், போடாத மருந்துக்குப் போட்டதாகக் கையெழுத்திட்டவர், இவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை இருக்கட்டும். அதை யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. உண்மையில் அந்த வேறுபாட்டை நிர்வாகம் சரியாகப் பிரிக்கிறதா என்றுதான் மற்றவர்கள் உற்றுப் பார்ப்பார்கள்.

அடுத்தது ரோஸ்டர், யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று போடுகிற மாத அட்டவணை. செவிலியருக்கு நிர்வாகத்தின் முகம் மாதம் ஒரு முறை தெரிவது அந்தத் தாளில்தான்.

ஒரு ஷிஃப்ட்டில் ஒரு செவிலியர் எப்போதும் நிற்க வேண்டுமென்றால் எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்? மூன்று ஷிஃப்ட், மூன்று பேர் என்று பதில் சொல்கிற மேலாளர்கள் இன்றும் உண்டு. போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 365 நாள். வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, பண்டிகை விடுமுறை 15, ஈட்டிய விடுப்பு 30 என்று வைத்துக் கழித்தால் ஒருவர் வேலைக்கு வருவது 256 நாள். 365-ஐ 256-ஆல் வகுத்தால் 1.43. மூன்று ஷிஃப்ட்டுக்கு 4.3. நைட்டுக்குப் பிந்தைய ஓய்வு, பேறுகாலம், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஒரு நாற்காலிக்கு நாலரை பேர். 24 படுக்கை வார்டில் ஆறு நோயாளிக்கு ஒருவர் என்று வைத்தால் நாலு நாற்காலி, 18 பேர். அங்கே ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மீதி ஒன்பது பேரின் வேலை காற்றில் கரைந்துவிடாது. இருக்கிற ஒன்பது பேரின் லீவிலிருந்தும், தூக்கத்திலிருந்தும், நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது.

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வது பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர். கலிஃபோர்னியா 1999-இல் சட்டமே போட்டு 2004-இலிருந்து நடைமுறைப்படுத்தியது. பொது வார்டில் முதலில் ஆறுக்கு ஒருவர், 2005-இலிருந்து ஐந்துக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் இரண்டுக்கு ஒருவர். நம் ஊரில் நைட்டில் 24 பேருக்கு ஒருவர், சில இடங்களில் 40 பேருக்கு ஒருவர் என்பது யாருக்கும் அதிர்ச்சி தருகிற செய்தி இல்லை.

24 பேருக்கு ஒருவர் என்றால் என்ன ஆகும்? வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு) பார்க்க ஒரு நோயாளிக்கு 4 நிமிடம் வைத்தால் 96 நிமிடம். எட்டு மணி மருந்து ஆளுக்கு மூன்று, ஒவ்வொன்றையும் பெயர் கேட்டு, சீட்டு பார்த்து, கலந்து, போட்டு, எழுத 3 நிமிடம் என்றால் 216 நிமிடம். எட்டு மணி மருந்து 11.36-க்கு முடியும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்து விதியையும் அப்படியே கடைப்பிடித்தால் அந்த ஷிஃப்ட் முடியவே முடியாது. அதனால் முன்கூட்டியே சிரிஞ்சுகளில் ஏற்றி வைக்கிறார்கள், பெயர் கேட்காமல் படுக்கை எண்ணைப் பார்த்துப் போடுகிறார்கள், கையெழுத்தெல்லாம் கடைசியில் மொத்தமாக. இதை ஒழுங்கீனம் என்று எழுதுகிற தர ஆய்வாளர் அந்த 216 நிமிடத்தை ஒரு தடவை கூட்டிப் பார்த்ததில்லை.

வேலை மிஞ்சும்போது எது முதலில் கழற்றி விடப்படும் என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. டாக்டர் கேட்கக்கூடியது கடைசிவரை நிற்கும்: மருந்து, ஊசி, ரத்தப் பரிசோதனை. யாரும் கேட்காதது முதலில் போகும்: இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, வாய் சுத்தம், நடக்கவைப்பது, டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு மருந்து எப்படிப் போடுவது என்று உட்கார்ந்து சொல்வது, பயந்து போயிருக்கிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது. இப்படி விட்டுப்போவதற்கு நர்சிங் ஆய்வுலகில் தனிப் பெயரே வைத்து எண்ணுகிறார்கள். ஆறு மாதம் இப்படியே போனால் செவிலியரிடம் ஒரு மாற்றம் வரும். நோயாளி பெயர் மறைந்து "7-ஆம் பெட்", "அந்த ஹெர்னியா" என்று ஆகும். வேலைச் சோர்வை அளக்க 1981-இல் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் செய்த அளவுகோலில் மூன்று பகுதி: உள்ளம் வற்றிப்போவது, மனிதரைப் பொருளாகப் பார்ப்பது, தான் எதையும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. "அந்த சிஸ்டர் சிடுசிடுன்னு இருக்காங்க" என்று புகார்ப் பெட்டியில் போடுகிறோமே, அது பெரும்பாலும் இரண்டாவது பகுதி.

நோயாளி எண்ணிக்கைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2002-இல் காட்டியது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகள். ஒரு செவிலியரிடம் ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது, செவிலியர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம், வேலையில் அதிருப்தி 15 சதவீதம். நோயாளியின் கணக்கையும் செவிலியரின் கணக்கையும் ஒரே அட்டவணையில் வைத்ததுதான் இந்த ஆய்வின் பலம்.

ஆள் எடுப்பது இன்சார்ஜ் கையில் இல்லை, பெரும்பாலும் மேட்ரன் கையிலும் இல்லை. ஆனால் ரோஸ்டரில் காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய. அடுத்த மாதத் தாளை 20-ஆம் தேதிக்குள் ஒட்டிவிடுவது. ஈவ்னிங் முடித்து இரவு எட்டு மணிக்குப் போனவரை மறுநாள் காலை ஏழரைக்கு வரச் சொல்லாமல் இருப்பது. பஸ் பிடித்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்து அவர் படுக்க நடுநிசி ஆகும். நைட் முடித்தவரைப் பத்து மணிக் கூட்டத்துக்கு நிறுத்தி வைக்காமல் இருப்பது. பொங்கல், தீபாவளிக்குப் போன வருஷம் யார் டியூட்டி பார்த்தார் என்று பெயரெழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வைப்பது, இந்த ஒரு தாள் பாதிச் சண்டையை நிறுத்தும். டபுள் டியூட்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று வரிசை வைத்து, ஒரு முறை மறுத்தவரை அடுத்த மாதம் தொடர் நைட் போட்டுப் பழிவாங்காமல் இருப்பது. ஈடுசெய் விடுப்பை அந்த மாதமே தருவது, "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற நாளுக்குத் தேதி கிடையாது. ஆஃப் நாளில் வார்டு வாட்ஸ்அப் குழுவில் "7-ஆம் பெட் ஃபைல் எங்கே?" என்று பெயர் சொல்லிக் கேட்காமல் இருப்பது.

அடுத்த ஷிஃப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கிற, ஓவர் கொடுக்கும் நேரமும் இதில் சேரும். காலை ஷிஃப்ட் ஒன்றரைக்கு முடிகிறது, ஈவ்னிங் ஒன்றரைக்குத் தொடங்குகிறது என்று தாளில் இருக்கும். படுக்கை படுக்கையாகப் போய் நோயாளியைக் காட்டி, ஓடுகிற டிரிப், வர வேண்டிய ரிப்போர்ட், போதை மருந்து எண்ணிக்கை எல்லாம் ஒப்படைக்க 24 படுக்கைக்கு 20 நிமிடமாவது ஆகும். அந்த 20 நிமிடம் யாருடைய கணக்கிலும் இல்லை. மாதத்துக்கு 26 டியூட்டி என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல், முழுசாக ஒரு நாள் சம்பளம். பிறகு "ஸ்டேஷனில் நின்றபடியே ஓவர் கொடுக்கிறார்கள், படுக்கைக்குப் போவதில்லை" என்று குறை சொல்கிறோம்.

இன்சார்ஜ் சிஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செவிலியர்களுக்கு ஆஸ்பத்திரி என்பது சேர்மனோ டீனோ இல்லை, இன்சார்ஜ்தான். நல்ல நிர்வாகமும் மோசமான இன்சார்ஜ் வழியாக வந்தால் மோசமாகவே தெரியும். மோசமான நிர்வாகத்தைக்கூட ஒரு நல்ல இன்சார்ஜ் ஓரளவு மறைத்துவிடுவார், தன் உடம்பைச் செலவழித்து. இண்டென்ட் (மருந்து, பொருள் கேட்டு எழுதும் சீட்டு), லினன் எண்ணிக்கை, ஆக்சிஜன் சிலிண்டர் நோட்டு, காப்பீட்டுத் தாள்கள், தர ஆய்வு ரெஜிஸ்டர்கள் என்று ஷிஃப்ட் முழுக்க நாற்காலியில் கட்டிப்போட்டு வைத்தால், வார்டுக்குள் யார் திணறுகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வார்டுக்கு ஒரு கிளார்க்கை முற்பகல் நான்கு மணி நேரம் கொடுத்தால் அந்த நான்கு மணி நேரம் ஓர் அனுபவமுள்ள செவிலியர் படுக்கையோரம் திரும்புகிறார். இதைவிட மலிவான ஆள்சேர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆதரவு என்பதன் அர்த்தமே வேறு. தமிழ்நாட்டில் நிலையத்துக்கு மூன்று செவிலியர் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். மூன்று பேர் என்பதால் இரவில் ஒரே ஒருவர், உடன் ஒரு மருத்துவமனைப் பணியாளர். மேலே போட்ட நாலரைக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள், ஒருவர் பேறுகால விடுப்பில் போனால் என்ன ஆகும் என்று. அந்த இரவில் அவருக்கு வேண்டியது பூட்டக்கூடிய கதவு, எரிகிற வெளி விளக்கு, ஃபோனை எடுக்கிற மருத்துவர், 108.

அதைவிட முக்கியமான ஒன்று அரசாணையில் வராது. பிரசவம் இழுக்கிறது, குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று தோன்றி மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அங்கே போய் அரை மணியில் சுகப்பிரசவம் ஆகிவிடுகிறது. உடனே ஃபோன் வருகிறது: "இதுக்கெல்லாம் அனுப்புவீங்களா? என்ன பாத்தீங்க?" அடுத்த முறை அவர் அரை மணி கூடுதலாகக் காத்திருப்பார். ரத்தப்போக்கு கேஸில் அந்த அரை மணி உயிர். சீக்கிரம் அனுப்பியதற்குத் திட்டு, தாமதமாக அனுப்பியதற்கு மரணத் தணிக்கையில் கேள்வி என்று இரண்டு பக்கமும் அடித்தால், நடுவில் இருப்பவர் மருத்துவக் காரணத்தை விட்டுவிட்டு யார் டியூட்டியில் இருக்கிறார் என்பதைப் பார்த்து முடிவெடுக்கத் தொடங்குவார். அனுப்பப்பட்ட ஒவ்வொரு தாய்க்கும் என்ன ஆனது என்று மேல் மருத்துவமனை மறுநாள் இரண்டு வரி திருப்பிச் சொன்னால் போதும். திட்டு இல்லாமலே அவருடைய கணிப்பு கூர்மையாகும்.

ஊசி குத்திக்கொண்டால் என்ன நடக்கிறது என்பதும் நல்ல உரைகல். செய்ய வேண்டியவை எளிது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றக் கூடாது. நோயாளியின் ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை. செவிலியருக்கும் அன்றே அடிப்படைப் பரிசோதனை. எச்ஐவி தடுப்பு மருந்து தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். இத்தனையும் தெரிந்த செவிலியர் ஏன் சொல்லாமல் விடுகிறார்? இரவில் அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியாது. பரிசோதனைக்கு அவர் பெயரிலேயே பில் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் கேள்வி "கிளவுஸ் போட்டிருந்தியா?" என்றே வரும். ஊசி வெட்டும் கருவி நர்ஸிங் ஸ்டேஷனில் இருக்கிறது, படுக்கை இருபது அடி தள்ளி. அந்த இருபது அடியை மூடாத ஊசியோடு நடக்கப் பயந்துதான் மூடியைத் திரும்ப மாட்டுகிறார்கள், குத்திக்கொள்கிறார்கள். கருவியை டிராலியில் ஏற்றுங்கள், கூர்பொருள் டப்பாவை முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள், முதல் டோஸ் மருந்தைக் கேஷுவாலிட்டியில் பூட்டில்லாமல் வையுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் போட்டு முடித்த பிறகு எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக் கொடுங்கள். அந்த ரிப்போர்ட் தாளை வாங்கும்போது செவிலியர் முகத்தைப் பாருங்கள்.

உறவினர்கள் கை ஓங்குவதற்கும் தமிழ்நாட்டில் 2008-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, பத்து ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். சட்டம் இருந்தும் புகார் வருவதில்லை, காரணம் எளிது: புகார்தாரர் பெயரில் அந்தச் செவிலியர் பெயர் இருக்கும், கோர்ட்டுக்கு அலைவது அவர், சமாதானமாகப் போகச் சொல்லி அழுத்துவதும் அவரைத்தான். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், தாக்குதல் நடந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே நிறுவனத்தின் சார்பில் புகார் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. நிர்வாகம் இதைச் செய்கிறதா என்பதைச் செவிலியர்கள் ஒரே ஒரு சம்பவத்தில் தெரிந்துகொள்வார்கள். சம்பவத்துக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கெட்ட செய்தியைச் சொல்வது டாக்டரின் வேலை. அதைச் சொல்லாமல் அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டால், கேள்வி கேட்கும் கூட்டத்தின் முன் நிற்பது செவிலியர்.

சம்பளம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200-க்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாக. எத்தனை இடத்தில் கிடைக்கிறது என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள். அரசுப் பக்கத்தில், 2015-இல் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வெழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் என்று சொன்னார்கள். பலர் அதைப் பார்க்கப் பல ஆண்டு காத்திருந்து, தெருவிலும் உட்கார வேண்டியிருந்தது. ஒரே வார்டில் ஒரே வேலையை மூன்று வகைச் சம்பளத்தில் மூன்று பேர் செய்யும்போது ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பது குறையும், அது யார் குணத்திலும் உள்ள கோளாறில்லை.

அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்து ஆளை நிறுத்தும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு ஒன்று சொல்லலாம். வேலையில் நீடிப்பதை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: விருப்பத்தால் இருப்பவர், கடமையென்று இருப்பவர், போக வழியில்லாமல் இருப்பவர். பூட்டுப் போட்டால் மூன்றாவது வகை கிடைக்கும். வருகைப் பதிவேட்டில் மூவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். அதிகாலை நாலு மணிக்கு 12-ஆம் பெட்காரருக்கு மூச்சு கொஞ்சம் வேகமாக வருகிறதே என்று, அழைப்பு மணி அடிக்காமலே எழுந்து போய்ப் பார்ப்பது எல்லாரும் செய்வதில்லை.

மே 12 செவிலியர் தினத்தன்று கேக் வெட்டி, மெழுகுவத்தி ஏற்றி, ரோஜாப்பூ கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நைட் ஸ்டாஃபுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

புதிதாகப் பொறுப்பேற்ற மேட்ரன் எங்கே தொடங்கலாம் என்றால், நைட் ரவுண்ட்ஸில். வழக்கமாக அந்த ரவுண்ட்ஸ், யார் தூங்குகிறார் என்று பார்க்க. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வார்டிலும் ஒரே கேள்வி: "இன்னைக்கு நைட் எதைத் தேடி அலைஞ்சீங்க சிஸ்டர்?" பதிலைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் மாலைக்குள் ஒன்றையாவது வாங்கி அனுப்பி, முடியாததை ஏன் முடியவில்லை என்று அந்தச் செவிலியருக்கே சொல்ல வேண்டும். முதல் வாரம் "ஒண்ணுமில்ல மேடம்" என்றுதான் வரும், எழுந்து நின்றுகொண்டு சொல்வார்கள். இரண்டாம் வாரம் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப், 14 நம்பர் சக்‌ஷன் குழாய் என்று வரும். அதற்கும் பிறகு ஒரு நாள், உட்கார்ந்தபடியே, "மேடம், அந்த இன்சுலின் டிராயர் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.